சிறு பங்குதாரரும் கூட்டு வழக்கும்

(மூணாற்றில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரும், பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்து வந்த அன்பர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கம்பெனிச் சட்டத்தைப் பற்றி மூணாற்றில் போய்ப் பேசுவானேன், அதற்குப் பம்பாயும் சென்னையும் இல்லையா என்று இந்தக் கூட்டத்துக்கு நாள் குறித்தபோது நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பங்குதாரர்கள் அக்கம்பக்கமாக நெருங்கிக் குடியிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று ஒருவர் இந்தியாவில் தேடிப் புறப்பட்டால், அவர் பம்பாய்ப் பங்குச் சந்தை இருக்கும் தலால் தெருவை விட்டுவிட்டு இந்த மலைமேல்தான் ஏறி வர நேரிடும் என்று அவருக்குப் பதில் சொன்னேன். 2005-ஆம் ஆண்டில் டாட்டா டீ கம்பெனி இங்குள்ள தோட்டங்களின் நேரடி நிர்வாகத்தினின்று விலகிக்கொண்டபோது, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்ற புதிய ஸ்தாபனம் உருவாகி, அதன் பங்குகளில் பெரும்பான்மை தொழிலாளர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் வழங்கப்பட்டது. அவ்வாறு பங்கு பெற்றவர்கள் 12,000-க்கும் மேற்பட்டவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணியின் பின்னே மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், காலையில் பெரட்டு என்னும் வருகைப் பதிவுக்கு நின்று, பகலெல்லாம் கொழுந்து கிள்ளி, மாலையில் லயத்துக்குத் திரும்பும் பெண்கள், சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனியின் உறுப்பினர்கள்.

அந்த உறுப்பினர் பதவி எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு சோதனை ஏற்பட்டது. போனஸ் 20 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைந்ததை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் எழுச்சிக்கு வாய்த்த பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அன்று நாடெங்கும் பரவிற்று. ஒன்பது நாள் கழித்து, போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவிகிதம் கிடைத்தது. பங்குதாரர்களாகவும் இருந்த அந்தப் பெண்கள் பங்குதாரர் என்ற ஹோதாவில் பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசி அதைப் பெறவில்லை, தொழிலாளர் என்ற ஹோதாவில் சாலையில் அமர்ந்து பெற்றார்கள் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. பங்குப் பத்திரத்துக்குள்ளே என்னென்ன உரிமைகள் உறங்குகின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுவார் எவரும் இல்லை என்பதைத்தான் சொல்லுகிறேன். இவ்விடத்துக் கம்பெனி எதன்மீதும் நான் மோசடி சுமத்த வரவில்லை என்பதையும் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் விஷயம் பொதுவானது: கம்பெனி நிர்வாகிகள் பொய்க் கணக்குக் காட்டிப் பங்குதாரரை ஏமாற்றினால், அந்தப் பங்குதாரர்கள் ஒன்றுகூடி நியாயம் கேட்கும் வழி எது?

இந்த வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1843-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பாஸ் எதிர் ஹார்பாட்டில் என்ற வழக்கில் ஏற்பட்ட தீர்ப்பின் சாராம்சம், கம்பெனிக்கு இழைக்கப்பட்ட தீங்குக்குக் கம்பெனியே வாதியாக வரவேண்டும், தனிப் பங்குதாரருக்கு அதில் இடமில்லை என்பது. கம்பெனி என்பது அதன் நிர்வாகிகளின் கையிலிருக்க, தீங்கிழைத்தவர்களும் அந்த நிர்வாகிகளே ஆனால், யார் யார்மீது பிராது கொடுப்பது? பின்வந்த நீதிபதிகள் சில விலக்குகளை ஏற்படுத்தினார்கள்; நமது 1956-ஆம் வருஷத்துச் சட்டமும் சிறுபான்மையோரை அடக்கி நசுக்குவதற்கு ஒரு பரிகாரம் வைத்திருந்தது. ஆயினும் பொய்க் கணக்கை நம்பி அதிக விலைக்குப் பங்கு வாங்கியவன் தன் நஷ்டத்தை ஈடு கேட்கும் வாசல் அதில் இல்லை. அது இல்லாமையின் விபரீதம் 2009-இல் வெளிப்பட்டது.

அந்த வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி காலையில், ஹைதராபாத்தில் இயங்கிவந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஸ்தாபனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம்முடைய இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் ஒன்று பங்குச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தது. ஐந்தொகைக் கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. சேர்ந்ததாகக் காட்டிய வட்டியில் 376 கோடி கற்பனை. கணக்கில் காட்டாத கடன் 1,230 கோடி. வரவேண்டிய பாக்கி என்று எழுதியதில் 490 கோடி மிகை. கூட்டினால் 7,136 கோடி. முந்திய நாள் மாலையில் ஏறத்தாழ 179 ரூபாய்க்கு விற்ற பங்கு அன்று மாலையில் 40 ரூபாயளவில் வந்து நின்றது. பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து 100 பங்கு வாங்கி வைத்திருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள்: ஒரே பகலில் 13,900 ரூபாய் போயிற்று. அந்தத் தொகைக்காக அவர் ஹைதராபாத்துக்கு ரயிலேறி, வக்கீல் அமர்த்தி, கோர்ட்டுக் கட்டணம் செலுத்தி, வருஷக்கணக்காக வாய்தாவுக்கு அலைய முடியுமா? பெருமோசடி செய்பவனுக்குச் சட்டத்தின் இருண்ட மூலைகளைவிடப் பெரிய பாதுகாப்பு இந்தக் கணக்கில் இருக்கிறது: திருடப்பட்ட மொத்தம் மலையளவு, தலைக்கு விழுந்த நஷ்டமோ வழக்குச் செலவுக்குக் காணாதது.

அதே சத்யத்தின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையிலும் வேறு பத்திர உருவத்தில் விற்கப்பட்டு வந்தன. கடிதம் வெளியான சில நாட்களுக்குள்ளேயே அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டு, அவையெல்லாம் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒன்றாக இணைக்கப்பட்டன. வழக்கை முன்னின்று நடத்திய தலைமை வாதிகள் யார் என்று கவனிக்க வேண்டும்: மிசிசிப்பி மாநிலத்து அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி, நார்வே, டென்மார்க் தேசங்களின் இரண்டு நிதி ஸ்தாபனங்கள், பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். நிலக்கரி வெட்டி முதுமையடைந்த தொழிலாளிகளின் சேமிப்பு, ஹைதராபாத்துக் கம்பெனி ஒன்றின் பொய்க் கணக்கால் குறைந்தது. அதைக் காத்து நிற்க வேண்டிய ஸ்தாபனம் கைகட்டி நிற்காமல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2011-இல் சத்யம் 12.5 கோடி டாலரும், அதன் தணிக்கையாளர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தரப்பார் 2.55 கோடி டாலரும் கொடுக்க இசைந்து வழக்கு சமாதானத்தில் முடிந்தது.

இந்தியச் சந்தையில் வாங்கிய இந்தியனுக்கு அதில் ஒரு காசும் கிடையாது. அமெரிக்காவில் நடந்த கொள்முதலுக்குத்தான் அந்நாட்டுச் சட்டத்தின் காவல் உண்டு என்று 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆஸ்திரேலிய வங்கி ஒன்றைப் பற்றிய வழக்கில், வரம்பு கட்டிவிட்டது. இங்கேயோ, முதலீட்டாளர் சங்கம் ஒன்று லட்சக்கணக்கான பங்குதாரர்களுக்காகத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றது. ஆணையம் ஏற்கவில்லை, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. ராஜு முதலானோருக்கு 2015 ஏப்ரலில் ஹைதராபாத்துத் தனி நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது உண்மை. அதற்கு முந்திய வருஷம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, அவர்கள் முறைகேடாக அடைந்த லாபத்தை வட்டியோடு கக்கும்படி உத்தரவிட்டதும் உண்மை. ஆனால் குற்றவாளியை அரசாங்கம் தண்டிப்பது வேறு, இழந்தவன் கைக்கு ஈடு வந்து சேர்வது வேறு. ஒரே கம்பெனி, ஒரே பொய், ஒரே நாளில் சரிந்த விலை. அட்லாண்டிக் கரையில் வாங்கியவனுக்கு ஈடு, அரபிக் கரையில் வாங்கியவனுக்கு அனுதாபம் என்ற நிலை நமது சட்டசபையாளர்களையும் உறுத்தியிருக்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 245-ஆம் பிரிவு அந்த உறுத்தலின் பலன் என்று கொள்ளலாம். அது அமலுக்கு வந்தது 2016 ஜூன் முதல் தேதியில். கம்பெனியின் காரியங்கள் கம்பெனிக்கோ, உறுப்பினருக்கோ, டெபாசிட் போட்டவருக்கோ தீங்காக நடத்தப்படுகின்றன என்று கருதுவோர், தம்மைப் போன்ற அனைவருக்காகவும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். சட்டத்துக்கும் கம்பெனியின் விதிகளுக்கும் புறம்பான செயலைத் தடுக்கும்படி கேட்கலாம். முக்கியமான விவரத்தை மறைத்து நிறைவேற்றிய தீர்மானத்தைச் செல்லாததாக்கும்படி கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மோசடிச் செயலுக்காகக் கம்பெனியிடமும் இயக்குநர்களிடமும், தவறான அறிக்கை தந்த தணிக்கையாளரிடமும் அவருடைய நிறுவனத்திடமும், ஆலோசனை சொன்ன நிபுணர்களிடமும் நஷ்டஈடு கேட்கலாம். தணிக்கையாளரை இதில் சேர்த்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மோசடி வெளிப்படும் நாளில் கம்பெனியின் பெட்டி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்; கொடுக்கத் திராணியுள்ளவராக எஞ்சி நிற்பவர் கணக்கில் கையெழுத்திட்டவர்தான்.

மனுச் செய்ய எத்தனை பேர் வேண்டும்? 2019 மே மாதத்தில் திருத்திய விதிகளின்படி, மொத்த உறுப்பினரில் நூற்றுக்கு ஐவர், அல்லது 100 பேர், இவ்விரண்டில் எது குறைவோ அது. தலைக்கணக்கு வேண்டாம், பங்குக் கணக்கே போதுமென்றால், சந்தையில் பட்டியலிடாத கம்பெனியில் 5 சதவிகிதம், பட்டியலிட்ட கம்பெனியில் 2 சதவிகிதம் பங்கு வைத்திருப்பவர் ஒருவராகவும் வரலாம், பலராகவும் வரலாம். இப்போது நமது மலைக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். 12,000 உறுப்பினர் உள்ள கம்பெனியில் 5 சதவிகிதம் என்றால் 600 பேர். சட்டமோ குறைந்ததை எடுத்துக்கொள்வதால் 100 பேர் போதும். ஒரு டிவிஷனின் பெரட்டுக் களத்தில் ஒரு காலையில் கூடுகிறவர்களே அந்த எண்ணிக்கைக்கு மேல் இருப்பார்கள். தலைக்கு எத்தனை பங்கு என்று கேட்காமல் எத்தனை தலை என்று மட்டும் கேட்கும் இடம் கம்பெனிச் சட்டத்தில் அபூர்வம். பொதுக் கூட்டத்து வாக்குச் சீட்டில் பங்குக்கு ஒரு வாக்கு என்று எண்ணும் அதே சட்டம், இங்கே ஆளுக்கு ஒன்று என்று எண்ணுகிறது.

இங்கே பதிவு அலுவலகம் உள்ள கம்பெனியானால் மனு கொச்சி அமர்வுக்குப் போகும்; கோயமுத்தூர் மில்லின் பங்கு கொழிஞ்சாம்பாறையில் ஒருவரிடம் இருந்தால் அவர் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். பங்குதாரர் வசிக்கும் இடம் இதில் கணக்கில்லை. மனுவைத் தீர்ப்பாயம் அனுமதிக்குமுன் மனுதாரரின் நல்லெண்ணத்தை ஆராயும், அவர் தனியாகவே பரிகாரம் தேடிக்கொள்ள முடியாதா என்று பார்க்கும். அற்பமான, வேண்டுமென்றே தொல்லை தரும் மனு என்று கண்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொல்லும். ஒரே விவகாரத்தைப் பற்றிப் பல மனுக்கள் வந்தால் அவற்றை ஒன்றாக்கி, தலைமை மனுதாரர் ஒருவரிடம் ஒப்படைக்கும். தீர்ப்பு கம்பெனியையும் அதன் உறுப்பினர் எல்லோரையும் கட்டும்.

வங்கிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. பாலா சென்ட்ரல் வங்கி 1960 ஆகஸ்டில் கதவடைத்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த கேரளத்துக்காரர்களுக்கு இந்த விலக்கு கசப்பாகத்தான் இருக்கும். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

இவ்வளவு இருந்தும் வழக்குகள் ஏன் வரவில்லை? பிரிவு அமலுக்கு வந்து எட்டு வருஷங்கள் சென்றபின், 2024-இல் ஜிண்டால் பாலி பிலிம்ஸ் என்ற கம்பெனியின் சிறுபான்மைப் பங்குதாரர்கள், கம்பெனியின் சொத்து அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டித் தீர்ப்பாயத்துக்குப் போனதைத்தான் இவ்வகையின் முதல் பெரிய வழக்கு என்று பத்திரிகைகள் எழுதின. இதற்குக் காரணம் மக்களின் சோம்பல் அன்று. அமெரிக்காவில் இவ்வழக்கை நடத்தும் வக்கீல் முன்பணம் கேட்பதில்லை. வென்றால் கிடைப்பதில் ஒரு பங்கை நீதிமன்றம் அவருக்கு அளக்கிறது, தோற்றால் அவர் செலவு அவரோடு போகிறது. நமது பார் கவுன்சில் விதிகளோ, வழக்கின் பலனில் பங்கு பேசிக்கொள்வதை வக்கீலுக்கு அடியோடு தடுத்திருக்கின்றன. அவ்விதி நல்ல நோக்கத்தோடு ஏற்பட்டது. வக்கீல் கட்சிக்காரனாக மாறிவிடக்கூடாது என்பது கௌரவமான கொள்கைதான். ஆனால் அதன் விளைவு, 100 பேர் சேர்ந்தாலும் முதல் செலவை யார் போடுவது என்ற கேள்வியில் காரியம் நின்றுவிடுகிறது. 125-ஆம் பிரிவின்படி முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியிலிருந்து கூட்டு வழக்கின் சட்டச் செலவைத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு திரும்பப் பெறலாம் என்பது உண்மையே. திரும்பப் பெறுவதற்கு முதலில் செலவழித்திருக்க வேண்டும் என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை.

வாளையாறு தாண்டித் தினந்தோறும் கோயமுத்தூருக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கும், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் வேறொன்று சொல்ல வேண்டும். உங்களில் சிலரிடம் அமெரிக்கச் சந்தையில் வாங்கிய பங்குகள் உண்டு. காக்னிசன்ட் கம்பெனியின் சென்னை வளாகத்துக்குக் கட்டட அனுமதி பெற 20 லட்சம் டாலர் லஞ்சத்துக்கு ஏற்பாடாயிற்று என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றஞ்சாட்டி, 2019 பிப்ரவரியில் கம்பெனி 2.5 கோடி டாலர் செலுத்தி அதைத் தீர்த்துக்கொண்டது. பங்குதாரர்கள் தனியே தொடர்ந்த கூட்டு வழக்கு 2021-இல் 9.5 கோடி டாலருக்குச் சமாதானமாயிற்று. நமது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் விவகாரம் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் தீர்ந்தது விசித்திரந்தான். அவ்வழக்கில் ஈடு கேட்கத் தகுதி, வாங்கிய சந்தையையும் வாங்கிய தேதியையும் பொறுத்தது. வாங்கியவர் அமெரிக்கராக இருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை.

அத்தகைய வழக்கில் சேருவது எப்படி? 1995-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி, முதல் வழக்குப் போட்டவர் 20 நாளுக்குள் விளம்பரம் செய்ய வேண்டும். அதிலிருந்து 60 நாளுக்குள், பெரிய நஷ்டம் அடைந்த எவரும் தலைமை வாதியாக விண்ணப்பிக்கலாம். சிறியவருக்கு அந்த அவசரம் இல்லை. அவர் ஒன்றும் செய்யாமலே அந்த வகுப்பில் அடங்கியவர். ஆனால் சமாதானம் ஏற்பட்டு, உரிமை கோரும் படிவம் வந்தபின் சும்மா இருந்தால் மட்டும் அவருக்குரியது போய்விடும், வழக்குத் தொடரும் உரிமையும் கூடவே போய்விடும். படிவத்தில் முக்கியமாகக் கேட்பவை ஆறு விவரம்: எந்தத் தேதியில் எத்தனை பங்கு, என்ன விலைக்கு வாங்கினீர், எந்தத் தேதியில் எத்தனை, என்ன விலைக்கு விற்றீர். பொய் வெளியாகுமுன் விற்றுவிட்டவருக்குப் பொதுவாக நஷ்டம் கிடையாது, ஏனெனில் அவரும் ஊதிய விலைக்கே விற்றார்; வெளியானபின் வாங்கியவருக்கும் கிடையாது, ஏனெனில் அவர் தெரிந்து வாங்கினார். பொய் தொடங்கியதற்கும் வெளியானதற்கும் இடைப்பட்ட காலத்தில் வாங்கி, உண்மை வெளிப்பட்ட நாளில் கையில் வைத்திருந்தவருக்கே ஈடு.

ஆகவே காண்ட்ராக்ட் நோட்டு என்று புரோக்கர் அனுப்பும் காகிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஆர்டர் எண், வியாபார எண், மணி, நிமிஷம், வினாடி, விலை, தரகு, வரி எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். இப்போது அது மின்னஞ்சலில் வந்து, திறக்கப்படாமலே கிடக்கிறது. புரோக்கர் கடையை மூடினாலும், நீங்கள் கைப்பேசியை மாற்றினாலும், அந்த நோட்டு உங்களிடம் தனியே இருக்க வேண்டும். டீமாட் கணக்கின் அறிக்கை, பங்கு எத்தனை என்று சொல்லும், நீங்கள் வாங்கிய விலையைச் சொல்லாது.

நேரே பங்கு வாங்காதவருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2015 ஆகஸ்டிலிருந்து தொழிலாளர் சேமநல நிதி நிறுவனம் புதிதாகச் சேரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் முதலிட்டு வருகிறது. 5 சதவிகிதத்தில் தொடங்கி 2017-இல் அது 15 சதவிகிதமாயிற்று. கொழுந்துக் கூடையிலிருந்து பிடித்த பி.எப். பணம் நாட்டின் பெருங்கம்பெனிகளின் பங்காக மாறி, யாரோ ஒரு நிதி மேலாளரின் பெயரில் நிற்கிறது. அக்கம்பெனிகளில் ஒன்று பொய்க் கணக்குக் காட்டினால் மனுச் செய்யும் உரிமை உங்களுக்கில்லை, அந்த நிதியின் பொறுப்பாளருக்கே உண்டு. 2 சதவிகிதம் என்ற வாசலைத் தனியே தாண்டக்கூடியவர்களும், வழக்கின் முதல் செலவைத் தாங்கக்கூடியவர்களும் அத்தகைய பெரிய ஸ்தாபனங்கள்தாம். பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளியின் நிதி கடல் கடந்து வழக்காடியபோது, சத்யம் பங்கு வைத்திருந்த நமது காப்பீட்டுக் கழகமும் பரஸ்பர நிதிகளும் என்ன செய்தன என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டியிருக்கிறது. அன்று சட்டமில்லை என்று சொல்லலாம். இன்று அந்தச் சாக்கு இல்லை. இந்தத் தோட்டங்களிலே தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. கூலிக்கும் போனஸுக்கும் பேச்சுவார்த்தை நடத்துகிற அவர்கள், தொழிலாளியின் சேமிப்பு எந்தெந்தக் கம்பெனியில் கிடக்கிறது, அங்கே மோசடி நடந்தால் பொறுப்பாளர் வழக்குப் போடுவாரா என்று சேமநல நிதியின் மத்தியப் பொறுப்பாளர் குழுவிலுள்ள தங்கள் பிரதிநிதிகள் மூலம் எழுதிக் கேட்கத் தொடங்கலாம்.

இனி, உங்களுக்கே உரிய இடைஞ்சல் ஒன்று. 245-ஆம் பிரிவின்கீழ் மனு அனுமதிக்கப்பட்ட ஏழு நாளுக்குள் விளம்பரம் செய்ய வேண்டும். அதைப் பார்த்து, சேர விரும்பாதவர் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு விலகிக்கொள்ளலாம். விலகாதவரைத் தீர்ப்பு கட்டும். கம்பெனியின் பதிவு அலுவலகம் உள்ள ராஜ்யத்தின் பிரதான பாஷைப் பத்திரிகை ஒன்றிலும், ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் அந்த விளம்பரம் வரவேண்டும் என்பது விதி. கேரளத்துக் கம்பெனிக்கு அது மலையாளமும் ஆங்கிலமும். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூர்ப் பகுதியிலும் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த உறுப்பினர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், தம்மைக் கட்டப்போகும் வழக்கின் அறிவிப்பு அவர்கள் கண்ணில் படாது. எந்தச் சட்டமும் தமிழில் கூடுதலாக ஒரு விளம்பரம் போடுவதைத் தடுக்கவில்லை. அவ்வாறு போட உத்தரவிட வேண்டுமென்று மனுவிலேயே ஒரு பாராவைச் சேர்த்துக் கேளுங்கள், பெரட்டுக் களத்து அறிவிப்புப் பலகையிலும் அது ஒட்டப்பட வேண்டும் என்று அந்தப் பாராவிலேயே எழுதுங்கள்.